வில்லுக்குப் பின்னால் வந்த மூச்சு

தையல்காரரின் மூச்சு அவளுக்காகக் காத்திருந்தது.

முதலில் அவள் அதை அப்படிப் புரிந்துகொள்ளவில்லை. வயலினுக்கும் தோளுக்கும் நடுவே மடித்து வைத்திருந்த துணி நழுவியது. அதைச் சரிசெய்ய வில்லைக் கம்பியிலிருந்து எடுத்தாள். அவ்வளவுதான். ஜன்னல் திரைக்குப் பின்னால் பிற்பகல் வெயில் மங்கிக் கிடந்தது. ஏசி எங்கோ உள்ளுக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. கிருமிநாசினியின் காரமும், வாடிய பூக்கள் ஊறிய தண்ணீரின் வாடையும், நெடுநாள் படுத்திருக்கும் உடம்பிலிருந்து வரும் அந்த லேசான இனிப்பு மணமும் ஒன்றாகக் கலந்து, அந்த மருத்துவமனை அறைக்குள் அசையாமல் நின்றன. கட்டிலில் கிடந்தவர் ஒருகாலத்தில் தையல்காரராக இருந்தவர். நினைவு தப்பிய பிறகும் அவருடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று உரசி, இல்லாத ஊசியில் இல்லாத நூலைக் கோத்துக்கொண்டே இருந்தன. துணியை மறுபடி தோளில் வைக்கும்போதுதான் அறை இத்தனை அமைதியாக இருப்பது அவளுக்கு உறைத்தது. விரல்கள் நின்றிருந்தன. நெஞ்சு பாதி ஏறிய இடத்தில் நின்றிருந்தது. வாய் சற்றே திறந்திருந்தது, எதிரில் இருப்பவர் பேசி முடிக்கட்டும் என்று பொறுத்திருப்பவர் போல.

பதறிப்போய் வில்லைக் கம்பியில் வைத்தாள். தடித்த கம்பியிலிருந்து நீளமாக ஓர் ஒலி எழுந்தது. நின்ற இடத்திலிருந்து நெஞ்சு மேலே ஏறியது. விரல்கள் மறுபடி உரசத் தொடங்கின.

"நல்லா வருது மேடம்," என்றார் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பயிற்சியாளர். அவளைவிடப் பத்து வயதாவது சின்னவர், ஒல்லி, எப்போதும் தூக்கம் போதாத கண்கள். "இப்ப கொஞ்சம் மெதுவா. அவசரமில்ல. அவர் கூடவே வர்றார் பாருங்க."

கூடவே வரவில்லை, பின்னால் வருகிறார் என்று அவளுக்குத் தோன்றியது.

வெளியே வராந்தாவில் கை கழுவும்போது கேட்டாள். "நான் வில்லை எடுத்ததும் மூச்சு நின்னுடுச்சு சார். நீங்க பாத்தீங்களா?"

"இந்த நிலைமையில மூச்சு அப்படித்தான் விட்டு விட்டு வரும். பழகிடும்," என்றார் அவர். குழாய் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார்.

இருபது வருடங்களுக்கு மேல் அவள் சினிமாப் பாட்டுகளுக்குப் பின்னணி வாசிக்கும் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவள். முப்பது வயலின்கள் வாசிப்பதை ஒரே ஆள் கணினியில் செய்துவிடும் காலம் வந்ததும் கடைசி வரிசைதான் முதலில் வீட்டுக்குப் போனது. நோயாளிகளுக்கு ஆறுதலாக இசை வாசிக்கப் பயிற்சி தருகிறார்கள் என்று யாரோ சொல்லித்தான் இந்த மருத்துவமனைக்கு வந்தாள்.

"இருபது வருஷமா யார் காதுலயும் விழாம வாசிச்ச. இனிமே காதே கேக்காதவங்களுக்கு வாசிக்கப் போற. ப்ரமோஷன்தான் போ," என்றான் தம்பி.

அவளுக்கென்று இருந்த உறவு தம்பி ஒருவன்தான். அப்பா அம்மா போன பிறகு அவனைப் படிக்க வைத்து, வேலையில் சேர்த்து, கல்யாணம் செய்து வைத்து, பிறகு அவன் வீட்டிலேயே ஓர் அறையில் தங்கிவிட்டாள். தம்பி லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதி கட்டடங்களின் லிஃப்டுகள் அவன் கைபட்டு ஓடியவை. இப்போது நான்காவது மாடியிலிருந்த தன் வீட்டை விட்டு அவனால் இறங்க முடியவில்லை. நுரையீரல் காய்ந்த ஸ்பாஞ்சு மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே போகும் நோய். படுக்கையறை மூலையில் ஆக்சிஜன் மிஷின் இரவு பகலாக முனகிக்கொண்டிருக்கும். அதிலிருந்து வந்து மூக்கில் நுழையும் குழாயை அவன் மூக்கணாங்கயிறு என்பான்.

"எனக்கு மட்டும் வாசிச்சுடாதக்கா. மேல போற லிஃப்டுல ஏத்தி விட்டு பட்டனை அமுக்கின மாதிரி ஆயிடும்."

"வாயக் கழுவுங்க," என்பாள் அவன் மனைவி. பேக்கரியில் கவுண்டர் வேலை. வீட்டுக்குள் வரும்போதே அவளோடு வெண்ணெய் வாசமும் வரும். மூவரும் சிரிப்பார்கள். தம்பியின் சிரிப்பு இருமலில் போய் முடியும். இருமல் அடங்கும்வரை மற்ற இருவரும் ஆளுக்கொரு பக்கம் எதையாவது தேடுவது போல இருப்பார்கள்.

அவனுக்காகத்தான் அவள் இந்தப் பயிற்சியில் சேர்ந்தாள் என்பது மூவருக்கும் தெரியும். யாரும் அதைச் சொன்னதில்லை.

பயிற்சி கடினமாக இல்லை. வாசிப்பைவிட கவனிப்பதுதான் பெரும்பாலும். வயலினில் கம்பிகளைத் தாங்கும் பாலத்தில் சின்ன ரப்பர் துண்டை மாட்டி ஒலியைத் தணித்துக்கொள்ள வேண்டும், அடுத்த கட்டிலில் தூங்குபவர் விழிக்கக்கூடாது. தெரிந்த பாட்டுகளை வாசிக்கக்கூடாது. தெரிந்த பாட்டு ஆளைப் பிடித்து இழுக்கும். நோயாளியின் முகத்தைப் பார்க்காதே, நெஞ்சைப் பார். மூச்சு எந்த வேகத்தில் போகிறதோ அதே வேகத்தில் வில்லும் போகட்டும். கொஞ்ச நேரம் கூட நட. பிறகு உன் நடையைத் தளர்த்து. கையைப் பிடித்துக்கொண்டு ரோடு கடப்பவர்கள் போல அவர்களும் தளர்வார்கள். படபடப்பு குறையும். வலி குறையும். பயம் குறையும்.

உண்மையாகவே குறைந்தது. புருவங்கள் அவிழ்வதையும், கட்டில் கம்பியை இறுகப் பிடித்திருந்த கைகள் விரிவதையும் பார்த்துவிட்டு அவள் பலநாள் அழுதுகொண்டே பஸ் ஏறியிருக்கிறாள்.

ஆனால் தையல்காரரின் அறை அவளை விடவில்லை. இரண்டு நாள் கழித்துப் பயிற்சியாளர் இல்லாத நேரமாகப் பார்த்து உள்ளே போனாள். கொஞ்ச நேரம் வாசித்தாள். பிறகு, நெஞ்சு ஏறிக்கொண்டிருந்தபோது, வேண்டுமென்றே வில்லைத் தூக்கினாள்.

நெஞ்சு நின்றது.

வெளியே தள்ளுவண்டியின் சக்கரம் ஒன்று கிறீச்சிட்டபடி வராந்தாவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போனது. ஏசி சொட்டியது. கிழவரின் உதட்டோரம் மெல்ல நிறம் மாறியது, துணியில் சிந்திய மை பரவுவது போல. வலியில்லை, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அதுதான் தாங்கவில்லை. எவ்வளவு நேரமானாலும் இருக்கிறேன் என்ற பொறுமை அந்த முகத்தில்.

வில்லை வைத்தாள். மூச்சு வந்தது. அன்று அவள் அந்த அறையை விட்டுப் போக மாலைவரை ஆகிவிட்டது. ஒலியை நூல் நூலாக மெலித்து, கம்பியைத் தொட்டும் தொடாமலும் வில்லை ஓட்டி, கடைசியில் அந்த மூச்சு அவளை விட்டுத் தனியே நடக்கத் தொடங்கும்வரை வாசித்துக்கொண்டே இருந்தாள். வீட்டுக்கு வந்தும் வலது கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"என்னக்கா, சாவி குடுத்த பொம்மை மாதிரி கை ஆடுது?" என்றான் தம்பி.

"பழக்கம் விட்டுப் போச்சுடா," என்றாள்.

அடுத்த வாரம் டெலிபோன் அம்மா வந்தார். நர்சுகள் வைத்த பெயர் அது. தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கண் மூடியிருக்கும், உதடு மட்டும் அசையும்: "லைன்ல இருங்க... கனெக்ட் பண்றேன்... லைன்லயே இருங்க." குரல் மட்டும் உடம்பைப் போல வயதாகாமல் இருந்தது. ஒரே மகள், வெளிநாட்டில்.

அன்று காலையிலிருந்தே உதடுகளும் ஓய்ந்துவிட்டன. பெரிய நர்ஸ் வந்து அவளை அழைத்துப் போனார். "பொண்ணு ஏர்போர்ட்ல இறங்கிட்டா. டாக்ஸியில வந்துட்டிருக்கா. அதுவரைக்கும் வாசிங்க வயலினம்மா. நீங்க வாசிச்சா இவங்க அடங்கி இருக்காங்க."

அவள் வாசித்தாள். மேலோட்டமான, பறவைக்குஞ்சின் மூச்சு. அதோடு சேர்ந்து நடந்து, தளர்த்தி, நீட்டி, அந்த நெஞ்சு நிதானமாக ஏறி இறங்கும் இடத்துக்குக் கொண்டுவந்தாள். வெயில் சுவரில் இறங்கிக்கொண்டே வந்தது. எப்போது என்று சொல்ல முடியாத ஒரு நேரத்தில், அறையின் கனம் மாறியது. பக்கத்து அறையில் இருந்தவர் சத்தமில்லாமல் வெளியே போய்விட்டால் நமக்குத் தெரியுமே, அது போல. காதால் அல்ல. எதனால் என்று தெரியாமல். நெஞ்சு ஏறியது, இறங்கியது. எதுவும் மாறவில்லை. ஆனால் அறையில் தான் மட்டும்தான் இருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

நிறுத்தியிருக்கலாம். மகள் வழியில் இருக்கிறாள் என்ற எண்ணம் வில்லை நகர்த்திக்கொண்டே இருந்தது.

பெரிய நர்ஸ் வந்தார். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். மறு மணிக்கட்டை. ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்தார், இடம் மாற்றினார், இன்னொரு இடம். அவர் கைக்குக் கீழேயே நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ரத்தம் இல்லை.

"நிறுத்துங்க."

"மூச்சு வருதே..."

"நிறுத்துங்கன்னு சொல்றேன்ல!"

அவள் வில்லை எடுத்தாள். குழாயை மூடியது போல மூச்சு நின்றது.

பெரிய நர்ஸ் தன் உள்ளங்கைகளைச் சீருடையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "சில சமயம் கடைசியில உடம்பு இப்படிப் பண்ணும்," என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் போனார்.

மகள் வந்தபோது பெட்டியின் கைப்பிடியில் விமான நிலையத்தில் ஒட்டிய அடையாளச் சீட்டு இன்னும் இருந்தது. "இப்பதான்," என்றார்கள். அவள் அம்மாவின் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். உடனே விலக்கிப் பார்த்தாள்.

"இப்பதான்னு சொல்றீங்க. ரொம்ப நேரம் ஆன மாதிரி இவ்ளோ சில்லுனு இருக்கே?"

மகளின் பார்வை மூலையில் வயலினோடு நின்றவள்மேல் வந்து நின்றது.

"நீங்கதான் வாசிச்சிட்டிருந்தீங்களா? நீங்க வாசிக்கற வரைக்கும் மூச்சு இருந்துச்சாமே." கோபமில்லாத குரல். குழந்தை கேட்பது போல. "இன்னும் கொஞ்ச நேரம் வாசிச்சிருக்கக்கூடாதா?"

மறுநாள் பயிற்சியாளர் அவளைக் கேன்டீனுக்கு அழைத்துப் போனார். தேநீரைக் குடிக்காமல் கோப்பையைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"கொஞ்ச நாள் வராதீங்க மேடம்."

"நான் என்ன தப்பு பண்ணிட்டேன்?"

"அந்தம்மா போனது எப்பன்னு உங்களுக்குத் தெரிஞ்சுதா, இல்லையா?"

அவள் மேசையைப் பார்த்தாள்.

"தெரிஞ்சும் வாசிச்சீங்க."

"பொண்ணு வந்துட்டிருந்தா சார். பாவம்."

"சரி. அவங்க போயிட்டாங்க. அப்ப அதுக்கப்புறம் மூச்சு விட்டது யாரு?"

கேன்டீனில் யாரோ தட்டுகளை அடுக்கினார்கள். அந்தச் சத்தம் முடியும்வரை அவர் காத்திருந்தார்.

"ஆள் காலி பண்ணிட்டுப் போன வீட்டுல நீங்க லைட்டைப் போட்டு வெச்சிருக்கீங்க மேடம். உள்ள யாரோ இருக்காங்கன்னு நினைச்சு, வர்றவங்க வருவாங்கல்ல." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நான் வாசிச்சு நீங்க பாத்திருக்கீங்களா? ஒரு தடவையாவது?"

யோசித்துப் பார்த்தாள். எல்லாவற்றையும் அவர் மேசையில் விரலால் தட்டித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

"வாசிக்க யாருக்கும் கத்துக் குடுத்துடலாம்," என்று எழுந்தார். "நிறுத்தறதைத்தான் யாராலயும் கத்துக் குடுக்க முடியல."

அவள் வயலினைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, பெட்டியை அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டாள். தம்பி கேட்டதற்கு விடுமுறை என்றாள். அவன் நம்பவில்லை, நோண்டவுமில்லை. மழைக்காலம் தொடங்கியது. ஈரம் ஏறிய காற்றை அவனால் உள்ளே இழுக்க முடியவில்லை. டாக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அவனிடம் கிரிக்கெட் பற்றிப் பேசினார். அவளை வெளியே கூப்பிட்டு, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஆஸ்பத்திரி வேண்டாம் என்று அவனும் சொல்லிவிட்டான். "என் கட்டில்லயே கெடக்கறேன். இங்க சீலிங்ல இருக்கற விரிசலெல்லாம் எனக்குத் தெரியும்."

பேசுவது குறைந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் அவன் செலவழிக்க வேண்டியிருந்த காற்றைப் பார்த்து, கேள்வி கேட்பதையே பெண்கள் இருவரும் விட்டுவிட்டார்கள்.

அன்று மாலை அவன் மனைவி வேலைக்குப் போயிருந்தாள். லீவு எல்லாம் தீர்ந்துவிட்டது. பிற்பகலிலிருந்தே வானம் இருட்டிக்கொண்டு பெய்தது. ஜன்னல் கண்ணாடியில் மழை அடிக்கும் சத்தம், கீழே ரோட்டில் தேங்கிய தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் வண்டிகளின் சத்தம், அறைக்குள் மிஷினின் முனகல், அதற்கும் அடியில் தம்பியின் மூச்சு: சரளைக்கல்லில் இழுபடும் சாக்கு போல. திடீரென்று மின்சாரம் போனது. மிஷினின் முனகல் நின்றதும் வீடே காலுக்கடியில் இறங்கியது போல இருந்தது. அவள் தட்டுத் தடுமாறி, மின்தடைக்கென்று வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றினாள். மெல்லிய சீறல் வந்தது. சற்றுத் தள்ளி ஏற்றி வைத்த மெழுகுவர்த்தியின் மஞ்சள் வெளிச்சத்தில் அவன் கண்கள் மட்டும் பெரிதாகத் தெரிந்தன.

போனில் அவன் மனைவியைப் பிடித்தாள். "கிளம்பிட்டேன் அண்ணி. ரோடு முழுக்க தண்ணி. பஸ் நகரவே மாட்டேங்குது." பின்னால் ஹாரன் சத்தம். "நான் வர்ற வரைக்கும்... வர்ற வரைக்கும் பாத்துக்குங்க அண்ணி."

தம்பி அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"பயமா இருக்குக்கா."

அவன் அப்படிச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. சின்ன வயதில்கூட.

"வாசி," என்றான்.

நாற்காலி போட்டு ஏறிப் பெட்டியை இறக்கினாள். கம்பிகள் ஈரத்தில் தளர்ந்திருந்தன. முறுக்கிச் சரிசெய்யும்போது விரல்கள் வழுக்கின. அவனைப் பார்த்து உட்கார்ந்து, கைப்பழக்கத்தில் ரப்பர் துண்டை மாட்டினாள். அவன் நெஞ்சைப் பார்த்தாள். அடித்துக்கொண்டிருந்த அந்த மூச்சுக்கு இணையாக வில்லும் அடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் இருவரும் ஓடினார்கள், மூச்சிரைக்க, ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி. பிறகு அவள் தளர்த்தினாள். அவன் வந்தான். இன்னும் தளர்த்தினாள். வந்தான். கழுத்து நரம்புகள் அடங்கின. போர்வையைப் பிடித்திருந்த கை விரிந்தது. பல மாதங்களாக அவள் பார்க்காத பழைய முகம், ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலேயே தூங்கிவிடும் முகம், தலையணையில் வந்து படுத்தது.

"நல்லாருக்குக்கா," என்றான். சிரித்தான். "லிஃப்டுல போற மாதிரியே இருக்கு. ஆனா கீழ இறங்குது."

அவளும் சிரித்தாள். கண்ணீர் வயலின் மரத்தில் சொட்டியது.

மழை கொஞ்சம் விட்டது. அவன் கண்ணை மூடியிருந்தான். வெகுநேரம் கழித்து, மிகத் தெளிவாக, "போதும்கா," என்றான்.

வில் தயங்கியது. நெஞ்சு தயங்கியது.

அவள் நிறுத்தவில்லை. வர்ற வரைக்கும் அண்ணி. பஸ் எங்கேயோ தண்ணீரில் நின்றுகொண்டிருக்கிறது. வந்ததும் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொள்வாள். வைத்துவிட்டு விலக்கிப் பார்ப்பாள்.

"அவ வந்துடட்டும்டா," என்றாள். "கொஞ்ச நேரம்டா கண்ணா. கொஞ்ச நேரம்."

அதன் பிறகு, மெழுகுவர்த்தி ஒரு முறை தாழ்ந்து எழுந்தபோது, அறையின் கனம் மாறியது.

அவளுக்குத் தெரிந்தது. அக்காவுக்குத் தெரியாமல் போகுமா?

வாசித்தாள்.

நெஞ்சு ஏறியது. இறங்கியது. சத்தமே இல்லாத, கரகரப்பே இல்லாத, அழகான மூச்சு. இந்த நோயில் அவனால் விட முடியாமல் போன மூச்சு. சிலிண்டரின் சீறல் மெலிந்துகொண்டே போய் ஓய்ந்தது. எழுந்து மாற்ற அவளால் முடியாது. மாற்றத் தேவையும் இருக்கவில்லை. நெஞ்சு ஏறியது. இறங்கியது.

தோள் எரிந்தது. இடது கை விரல் நுனிகள் மரத்துப்போயின. மெழுகு உருகிய வாசம். ஈரத் துணியின் வாசம். அதற்கு நடுவே இன்னொன்று. வெகுகாலம் திறக்காத அறையைத் திறந்தால் முகத்தில் வந்து படுமே, அந்தக் குளிர்ந்த காற்று. அது கட்டிலிலிருந்து வந்தது. அவன் வாயிலிருந்து.

மூச்சு நீண்டது.

அவள் நீட்டவில்லை.

நெஞ்சு அவள் வில்லுக்கு முன்பாக ஏறியது. வில் அதைப் பிடிக்க ஓடியது. மறுபடி முன்னால். மறுபடி இவள் பின்னால். இப்போது அவள்தான் கூட வந்துகொண்டிருந்தாள்.

மூடிய இமைகளுக்குக் கீழே எதுவோ நகர்ந்தது. மெதுவாக. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. புது வீட்டைச் சுற்றிப் பார்ப்பது போல.

வாசல் பூட்டில் சாவி திரும்பியது.

"அண்ணி?" நனைந்த செருப்பின் சத்தம். வெண்ணெய் வாசம். அவன் மனைவி புடவையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அறை வாசலில் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. பார்த்தாள். முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்க்க முடியாமல் அக்கா தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"ஐயோ அண்ணி! எவ்ளோ நல்லா மூச்சு விடறார்! வழியெல்லாம் நான் என்னென்னமோ நினைச்சு..." அழுகையும் சிரிப்புமாகக் கட்டிலில் உட்கார்ந்தாள். அவன் கையை எடுத்துக்கொண்டாள். "கைதான் சில்லுனு இருக்கு. மழைக் குளிர். போர்த்தி விடறேன், இருங்க."

போதும். வந்துவிட்டாள். பார்த்துவிட்டாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, தன் வாழ்க்கையில் தூக்கியதிலேயே கனமான பொருளாக அந்த வில்லைக் கம்பியிலிருந்து தூக்கினாள்.

ஒலி நின்றது.

மழைச் சத்தம்.

நெஞ்சு ஏறியது.

கண்ணைத் திறந்தாள். வில் அவள் மடியில் கிடந்தது. நெஞ்சு இறங்கியது. நிதானமாக. ஏறியது.

மனைவி அவன் பக்கத்தில் சரிந்து, ஈரத்தலையை அவன் நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தாள். காது அவன் இதயத்தின்மேல். அங்கே ஒன்றும் கேட்டிருக்காது. ஆனாலும் அவள் முகத்தில் நிம்மதி. ஓடிவந்த இரைப்பு அடங்கிவிட்டது. அவள் முதுகு அவன் நெஞ்சோடு சேர்ந்து எழுந்தது. சேர்ந்து தாழ்ந்தது. கண்கள் செருகிக்கொண்டிருந்தன.

எழுந்திரு. அங்கிருந்து எழுந்து வா. கத்த அக்கா வாயைத் திறந்தாள்.

குரல் வரவில்லை. குரலுக்குக் காற்று வேண்டும். காற்று இருந்தது, நெஞ்சு நிறைய இருந்தது. வெளியே விட முடியவில்லை. கட்டிலில் அந்த நெஞ்சு இறங்கத் தொடங்கியபோதுதான் அவளுடையதும் இறங்கியது. வெறும் காற்றாக. சத்தமில்லாமல்.

கை நீட்டினாள். எட்டவில்லை.

தம்பியின் நெஞ்சு ஏறியது. அதன்மேல் கிடந்த தலை ஏறியது. அக்காவுக்குள்ளும் ஏறியது, விலா எலும்பு வலிக்கும்வரை, தோள்கள் தூக்கிக்கொள்ளும்வரை. இமைகளுக்குக் கீழே சுற்றிக்கொண்டிருந்தது அக்காவின் பக்கமாக வந்து நின்றது.

மூன்று பேரும் நிரம்பி இருந்தார்கள்.

நெஞ்சு இறங்கவில்லை.